குன்னூர், கோத்தகிரி பக்கம் வீட்ல ஈவி (கரண்ட் கார்) சார்ஜர் மாட்டப் போறவங்க ஒரு நிமிஷம் நில்லுங்க

நவம்பர்ல எங்க குன்னூர் மழை நேரா பெய்யாது, சாஞ்சு அடிக்கும், அது விட்டா மிஸ்ட் போர்ட்டிகோவுக்குள்ளயே வந்து உக்காந்துக்கும், இது நம்மளுக்குத் தெரியும், கீழ இருந்து மாட்ட வந்த ரெண்டு பசங்களுக்குத் தெரியல. 7.4 கிலோவாட் சார்ஜர், ஐபி65 சார், ஹோஸ் வெச்சு அடிச்சாலும் தண்ணி போகாதுன்னான். பொட்டிய பொறுத்தவரைக்கும் அது நெசந்தான். ஆனா கேபிள் நுழைய கம்பெனிக்காரன் அடியில வழி விட்டு கேபிள சுத்தி தண்ணி போகாம இறுக்கிப் புடிக்கற கிளாண்டும் குடுத்திருக்கான், இவன் பைப்ப மிச்சம் புடிக்க பொட்டி தலையில ட்ரில் போட்டு மேல இருந்து எறக்கிட்டு சுத்தி சிலிகான அப்பிட்டான், கிளாண்டு கவர் கூட பிரிக்கல. நான் உள்ள டீ போட்டுட்டு இருந்தேன், என் புத்திய சொல்லணும்.

மொத மழையிலயே ஆர்சிசிபி, அதாவது கரண்ட் லீக் ஆனா கட் பண்ற ஸ்விட்ச், ட்ரிப். நாலு தடவ போன் போட்டு ஒம்பது நாள் கழிச்சு வந்தவன் "உங்க ஊர் குளிருக்கு இது ரொம்ப சென்சிடிவ் சார்"னு என்னமோ பண்ணிட்டு போனான், அப்பறம் ட்ரிப்பே ஆகல, நானும் சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்.

போன வாரம் சார்ஜர் செத்துப் போச்சு. பக்கத்து லைன் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து கவர கழட்டுனாரு, அர டம்ளர் தண்ணி. எர்த் டெர்மினல் முழுக்க பச்சைக் களிம்பு, ஸ்க்ரூ திருகுனா பொடியா உதிருது. சுவத்துக்கு வெளிய பைப் வாய் வானத்த பாத்து தொறந்து கெடக்கு, பெய்யற மழையெல்லாம் அது வழியா நேரா பொட்டிக்குள்ள. அடியில மூச்சு விட ஒரு சின்ன வெண்ட் இருக்குமாம், அதையும் சிலிகான் வெச்சு அடைச்சிருக்கான், உள்ள போன தண்ணி எங்க போகும்? ஸ்விட்செல்லாம் இருக்கற டிபி பாக்ஸ தொறந்தா ஆர்சிசிபிய விட்டுட்டு வயர டைரக்டா குடுத்திருக்கான். 30 மில்லியாம்ப் லீக் ஆனாலே கட் பண்ணி நம்ம உயிர காப்பாத்தற சாமான் அது. என் பொண்ணு வெறுங்கால்ல ஈரத்துல நின்னு கார்ல சார்ஜிங் கன் மாட்டுவா, அத நெனச்சா இன்னும் கை நடுங்குது.

வாரண்டி கேட்டா பொட்டிய ஓட்ட போட்டிருக்கீங்க, கெடையாதுங்கறாங்க. வயரிங் பண்ணவன் பொட்டியே மோசம்ங்கறான்.

இப்ப அண்ணன் புது பொட்டிக்கு அடியில இருந்து கேபிள் ஏத்தி, நுழையறதுக்கு முன்னாடி தொட்டில் மாதிரி கொஞ்சம் தொங்க விட்டிருக்காரு, வழிஞ்சு வர்ற தண்ணி அங்கயே சொட்டிடும். பைப் வாய கீழ பாத்து வளைச்சு சீல் பண்ணிட்டாரு. மேல ஒரு தகரக் கூரை, பக்கமெல்லாம் தொறந்தே இருக்கணும்னாரு, மூடுனா காத்தாடாம உள்ள வேர்க்குமாம். கன்ன தொங்க விடாம மூடி போட்டு ஹோல்டர்ல கீழ பாத்து வெக்கணும்.

மாட்டுனதும் காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஆர்சிசிபியில டெஸ்ட் பட்டன அமுக்குங்க, சார்ஜர் லைட் அணையணும், அணையலைன்னா ஆள வெளிய விடாதீங்க. எங்காளு பேலன்ஸ் 3,000 கேட்டு நேத்து கூட கூப்பிட்டான், நான் எடுக்கல.