வேலிப் பிரண்டையா, தொட்டிப் பிரண்டையா, தூளா?

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே வந்துவிட்டால் இது கேரளம் என்று சொன்னால்தான் தெரியும். பாலக்காட்டுக்கு மேற்கே கொட்டுகிற மழை எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதோடு சரி. பனையும் கிளுவை வேலியும்தான் இங்கே. அந்த வேலியில் யாரும் நடாமல் ஏறிக் கிடக்கிற கொடி பிரண்டை. திராட்சைக் குடும்பத்துக் கொடிதான் இதுவும். கணுவில் சுருளும் பற்றுக்கம்பியையும், பழுத்துச் சிவக்கிற குட்டிக் காய்களையும் பார்த்தால் உறவு புரியும். மலையாளத்தில் சங்ஙலம்பரண்ட என்பார்கள். கணு கணுவாகச் சங்கிலி கோத்த மாதிரி இருப்பதால் வந்த பெயர். பக்கத்து வீட்டுச் சேச்சிக்கு இது எண்ணெய் காய்ச்சும் மருந்து. எங்களுக்குச் சோற்றில் பிசையும் துவையல்.

துவையலுக்கு எது நல்லது என்று கேட்டால், என் ஓட்டு வேலிப் பிரண்டைக்குத்தான். தண்ணீர் காணாத தண்டு குட்டையாக, நாலு பட்டையும் எடுப்பாக, கெட்டியாக இருக்கும். இந்தச் செடியின் தண்டு பகலில் மூச்சை அடக்கிக்கொண்டு, இரவில்தான் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை இழுக்கிறது. இழுத்ததை அமிலமாகச் சேர்த்து வைத்து மறுநாள் வெயிலில் செலவழிக்கிறது. காய்ந்த மண்ணில் ஈரத்தை விடாமல் பிழைக்க அது கண்ட வழி. அதனால் விடிகாலையில் ஒடித்த தண்டில் புளிப்பு தூக்கலாக இருக்கும், சாயங்காலம் இறங்கிவிடும். நான் சாயங்காலம்தான் ஒடிக்கிறேன். புளி எவ்வளவு போடுவது என்பது அப்போது என் கையில் இருக்கும்.

வேலிப் பிரண்டையில் சிக்கலும் உண்டு. நார் அதிகம், அரிப்பும் அதிகம். தண்டுக்குள் ஊசி ஊசியாக கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் இருக்கின்றன. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, நுனிப் பக்கம் இரண்டு மூன்று கணு இளசாக மட்டும் எடுத்து, கணுவை வெட்டி எறிந்து, பட்டை ஓரத்து நாரை உரிக்க வேண்டும். அப்புறம் எண்ணெயில் பச்சை நிறம் போய்ப் பழுப்பேறும் வரை வதக்க வேண்டும். கல்யாணமான புதிதில் அவசரமாக அரை வதக்கலில் அரைத்துவிட்டேன். மாமனார் ஒரு வாய் வைத்தவர், இரவு முழுக்கத் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. வதக்கலில் மட்டும் அவசரமே கூடாது. பூச்சிமருந்து அடிக்கிற தோட்டத்து ஓரத்திலும் சாக்கடைப் பக்கமும் ஒடிக்காதீர்கள்.

தொட்டியில் வளர்ப்பதும் இதே கொடிதான். ஆனால் தினமும் தண்ணீர் கண்டால் ஆளே மாறிவிடும். கணுவுக்குக் கணு நீளம், சதை நீர்த்து வழவழப்பு. நார் குறைவு, உரிப்பது சுலபம். அரைத்தால் துவையல் கொஞ்சம் கொழகொழவென்று வரும், அந்தக் காரமான பச்சை மணம் வராது. வாரம் ஒருமுறை மட்டும் தண்ணீர் விட்டு, வெயிலில் வைத்தால் பாதியாவது வேலிக் குணம் திரும்புகிறது. கோயம்புத்தூரில் அடுக்குமாடியில் இருக்கும் என் தங்கைக்கு இதுதான் வழி, அவளுக்கு இது போதும். பட்டை இல்லாத உருட்டுப் பிரண்டை கிடைத்தால் வேலி அழகுக்கு வைக்கலாம். சமையலுக்கு நான் எடுப்பதில்லை.

தூள்? கடையில் ஒரு பொட்டலம் வாங்கினேன். எத்தனை நாள் முன்பு காய வைத்தது, தண்டு இளசா முற்றலா என்று எதுவும் தெரியவில்லை. தோசை மாவில் கலந்து பார்த்தேன், வைக்கோல் மணம்தான் வந்தது. எலும்புக்கு நல்லது என்றுதான் பலரும் வாங்குகிறார்கள். 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கே.என். உடுப்பாவும் ஜி.சி. பிரசாத்தும் விலங்குகளை வைத்து ஆராய்ந்து, எலும்பு முறிவு ஆறுவதற்குப் பிரண்டை உதவுவதாக எழுதியிருக்கிறார்கள். அதற்காகக் கை முறிந்தவர் கட்டுப் போடாமல் தூளைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. மருந்தாக வேண்டும் என்றால் சித்த மருத்துவரிடம் கேட்டுச் சாப்பிடுங்கள்.

வேலி இல்லாதவர்கள் யாரிடமாவது இரண்டு கணுத் துண்டு கேட்டு வாங்குங்கள். வெட்டுவாய் காய இரண்டு நாள் நிழலில் போட்டுவிட்டு, மணல் கலந்த மண்ணில் ஒரு கணு புதையும்படி ஊன்றுங்கள். துளிர் வரும் வரை தண்ணீர்க் குடத்தை அந்தப் பக்கம் அதிகம் கொண்டு போகாதீர்கள், அழுகிவிடும்.