லெஃப்ட் 4 டெட் 2 முதல் பேக் 4 பிளட் வரை: எந்த ஜாம்பி கேம் வருடக்கணக்கில் தாங்கும்?

நாலு பேர் சேர்ந்து ஜாம்பிகளைச் சுட்டுத் தள்ளும் கேம்களில் முதல் 20 மணி நேரம் எதுவுமே அலுக்காது. துப்பாக்கிச் சத்தமும், கூட்டமாக ஓடிவரும் பிணங்களும், ஹெட்செட்டில் நண்பர்களின் கத்தலுமே போதும். 200ஆவது மணி நேரத்தில்தான் கேமின் குணம் வெளியே வரும். சில கேம்கள் அதற்குள் ஹார்டு டிஸ்கிலிருந்து போயிருக்கும். சிலவற்றை வாங்கிப் பத்து வருடம் கழித்தும் வெள்ளிக்கிழமை இரவில் திறப்பார்கள்.

லெஃப்ட் 4 டெட் 2, பேக் 4 பிளட், கில்லிங் ஃப்ளோர் 2, வேர்ல்ட் வார் இஸட்: ஆஃப்டர்மாத், கால் ஆஃப் டூட்டி: பிளாக் ஆப்ஸ் 3இன் ஜாம்பி மோட் ஆகிய ஐந்தையும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். எத்தனை மேப், எத்தனை துப்பாக்கி என்ற கணக்கு ஆயுளைப் பற்றி அதிகம் சொல்லாது. அதே மேப்பை நூறாவது தடவை ஆடும்போது உடன் ஆடுபவர்களிடம் கேம் புதிதாக என்ன கேட்கிறது, நிறுவனம் கையை எடுத்த பிறகு ஆட்டக்காரர்களிடம் என்ன மிஞ்சுகிறது என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்

முதல் லெஃப்ட் 4 டெட் 2008இல் வந்தது. அதை உருவாக்கிய டர்டில் ராக் ஸ்டுடியோதான் 2021 அக்டோபரில் பேக் 4 பிளட்டைக் கொண்டுவந்தது. இடையில் 2009 நவம்பரில் வால்வ் வெளியிட்டது லெஃப்ட் 4 டெட் 2. பன்னிரண்டு வருடம் இளைய பேக் 4 பிளட்டை முந்திக்கொண்டு பழைய கேம் இன்னமும் ஓடுவதற்கு ஏக்கம் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

லெஃப்ட் 4 டெட் 2இல் கூட்டத்தை எப்போது அனுப்புவது என்று முடிவெடுப்பது 'டைரக்டர்' என்ற அமைப்பு. ஒவ்வொரு ஆட்டக்காரரும் எவ்வளவு அடி வாங்கினார், எவ்வளவு நெருக்கத்தில் ஜாம்பிகள் செத்தன என்பதை வைத்து அவருடைய பதற்றத்துக்கு ஒரு எண் போடும். அந்த எண் உச்சத்தைத் தொட்டதும் 3 முதல் 5 விநாடி அதே நெருக்கடியைத் தக்கவைத்து, பிறகு வரத்தைக் குறைத்து, 30 முதல் 45 விநாடி மூச்சுவிட இடம் கொடுக்கும். இதை வடிவமைத்த மைக் பூத் 2009இல் ஓர் உரையில் இந்தக் கணக்கை வெளிப்படையாக விளக்கினார். டாங்க், விட்ச் என்ற இரண்டு ஆபத்தான ஜாம்பிகளும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாதவை. குழு தவித்துக்கொண்டிருக்கும் நேரத்திலும் டாங்கின் இசை ஒலிக்கும். "இந்த இடத்தில் இதுதான் வரும்" என்று மனப்பாடம் செய்ய முடியாமல் போவது இதனால்தான்.

இதைவிட முக்கியமான ஒன்று சிறப்பு ஜாம்பிகளின் வடிவமைப்பு. ஹண்டர் பாய்ந்து அமுக்கினாலும், ஸ்மோக்கரின் நாக்கு கழுத்தில் இறுகினாலும், ஜாக்கி தோளில் ஏறினாலும், சார்ஜர் தூக்கித் தரையில் அடித்தாலும், மாட்டியவரை இன்னொருவர் வந்துதான் விடுவிக்க வேண்டும். உங்கள் குறி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் 20 அடி முன்னால் ஓடியவர் செத்தார். திறமை கூடக் கூட, கேம் சோதிப்பது கையை விட்டு ஒருவரையொருவர் கவனிக்கும் பழக்கத்துக்கு நகர்கிறது. கை வேகத்துக்கு ஒரு எல்லை உண்டு. நாலு பேரின் ஒருங்கிணைப்புக்கு எல்லை லேசில் வராது.

சிரமத்தை ஏற்றும் விதமும் கறாரானது. சாதாரண ஜாம்பியின் ஓர் அடி நார்மலில் 2 புள்ளி, அட்வான்ஸ்டில் 5, எக்ஸ்பர்ட்டில் 20. உயிர் 100தான். ஆக நார்மலில் 50 அடி தாங்குபவர் எக்ஸ்பர்ட்டில் 5 அடியில் விழுவார். நண்பர்கள் மேல் படும் குண்டுக்கு நார்மலில் பத்தில் ஒரு பங்கு சேதம், எக்ஸ்பர்ட்டில் பாதி. எக்ஸ்பர்ட்டில் தோற்கும் குழுக்களில் பல, ஜாம்பியால் தோற்பதில்லை. பின்னால் நிற்பவர் ஷாட்கன்னை அழுத்தியதால் தோற்கும். முன்னால் இருப்பவர் குனிந்தபடி சுட்டால் பின்னால் இருப்பவரின் குண்டு தலைக்கு மேல் போகும். இந்த ஒரு பழக்கமே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். ரியலிசம் மோடையும் சேர்த்துக்கொண்டால் சுவருக்குப் பின்னால் நண்பர்களைக் காட்டும் ஒளிக்கோடும் போய்விடும். வாயால் சொன்னால்தான் யார் எங்கே என்று தெரியும்.

பிறகு வெர்சஸ். நாலு பேர் பிழைப்பவர்கள், எதிரே நாலு பேர் சிறப்பு ஜாம்பிகள், ஒவ்வொரு மேப்பிலும் பக்கம் மாறி ஆட வேண்டும். எதிரே யோசிக்கும் மனிதர்கள் இருக்கும்வரை அந்த மேப் பழசாகாது. போட்டியாக ஆடுபவர்கள் 'ஸோன்மோட்' போன்ற தங்கள் சொந்த விதித் தொகுப்போடு சர்வர் நடத்துகிறார்கள்.

ஆட்டக்காரர்கள் தாங்கள் செய்தவற்றைப் பகிரும் ஸ்டீம் வொர்க்ஷாப் 2013இல் சேர்ந்த பிறகு, அவர்களே செய்த கேம்பெயின்கள் (தொடர் மேப்கள்) குவிந்தன. 2020 செப்டம்பரில் வந்த 'தி லாஸ்ட் ஸ்டாண்ட்' அப்டேட்டே ரசிகர்கள் செய்து வால்வ் ஏற்று வெளியிட்டதுதான். கூடவே வருபவை மட்டும் இப்போது 14 கேம்பெயின்கள்.

தகராறு வரும் இடங்களும் இங்கேதான். ஆட்டத்துக்கு முன் எல்லாரும் கூடும் லாபியில் சர்வர் வகையை 'கிடைப்பதில் சிறந்தது' என்று விட்டால், விதிகளை மாற்றி விளம்பரம் ஓட்டும் யாரோ ஒருவரின் சர்வரில் போய் விழுவீர்கள். அதிகாரபூர்வ சர்வர் என்றோ, லோக்கல் சர்வர் என்றோ மாற்றுங்கள். லோக்கல் என்றால் யாருடைய இணைப்பு நன்றாக இருக்கிறதோ அவர் லாபியைத் திறக்கட்டும். வொர்க்ஷாப் கேம்பெயினை நாலு பேரும் ஒரே பதிப்பாக வைத்திருக்க வேண்டும். ஒருவரிடம் பழையது இருந்தாலும் அவர் உள்ளே வர முடியாது. ஆட்-ஆன் பட்டியலில் சிவப்பாகத் தெரிபவை ஒன்றோடொன்று மோதுகின்றன என்று அர்த்தம், இரண்டில் ஒன்றை அணைத்தே ஆக வேண்டும். குறைந்த ஆட்கள் இருந்தால் கேமே இயக்கும் பாட்கள் இடத்தை நிரப்பும், ஆனால் அவை பைப் பாம், மொலடாவ் எதையும் வீசாது. மனிதர்கள் எல்லாரும் செத்துவிட்டால் பாட் உயிரோடு நின்றாலும் ஆட்டம் முடிந்தது.

பேக் 4 பிளட்டில் ஆயுளுக்கான பந்தயம் சீட்டுகள் மேல் கட்டப்பட்டது. உங்கள் பலத்தை மாற்றும் 15 சீட்டு கொண்ட கட்டு ஒன்றை முன்கூட்டியே அடுக்கி வைப்பீர்கள். மூடுபனி, கவசம் போட்ட ஜாம்பிகள், அலாரம் அடிக்காமல் கடந்தால் கூடுதல் காப்பர் (கேமுக்குள் செலவழிக்கும் பணம்) என்று கேமும் தன் பங்குக்குக் 'கரப்ஷன்' சீட்டுகளைப் போடும். காகிதத்தில் இது டைரக்டரைவிடப் பணக்கார யோசனை. கைகலப்புக் கட்டு, மருத்துவர் கட்டு, காப்பர் சேர்க்கும் கட்டு என்று நாலு பேரும் பிரித்து அடுக்கினால் முதல் 100 மணி நேரம் அருமையாகவே போகும்.

சிக்கல் பின்னால் வருகிறது. கட்டு அடுக்குவது ஒரு புதிர். புதிருக்கு விடை கிடைத்ததும் சுவாரஸ்யம் இறங்கும். நைட்மேர் என்ற கடினமான நிலையில் முன்பின் தெரியாதவர்களோடு ஆடினால் தோல்வி பெரும்பாலும் பாதுகாப்பு அறையிலேயே முடிவாகியிருக்கும். நாலு பேரும் சேதச் சீட்டுகளையே அடுக்கி வந்திருப்பார்கள், ட்ராமாவைத் தாங்க யாரிடமும் எதுவும் இருக்காது. வாங்கும் அடி அதிகபட்ச உயிரையே குறைப்பதுதான் ட்ராமா; மருந்துப் பையால் அதை முழுதாக மீட்க முடியாது, சுவரில் மாட்டிய முதலுதவிப் பெட்டியைத் தேட வேண்டும். ஆகவே ஒருவராவது மருத்துவக் கட்டோடு வர வேண்டும் என்பதை லாபியிலேயே பேசி முடியுங்கள்.

கேம்பெயினில் வெர்சஸ் இல்லாதது இதன் பெரிய இழப்பு. 'ஸ்வார்ம்' என்ற எதிரணி மோட் மூன்று சுற்றில் சிறிய வட்டத்துக்குள் முடிந்துவிடும். ஆட்டக்காரர்களே கேமை மாற்றியமைப்பதற்கு அதிகாரபூர்வ வழி கிடையாது. 2022க்குள் மூன்று விரிவாக்கங்கள் வந்தன. 2023 பிப்ரவரியில், இனிப் புதிதாக எதுவும் சேர்க்கப்போவதில்லை என்று ஸ்டுடியோ அறிவித்தது. அன்று இருந்ததுதான் இன்றும் இருக்கிறது. நல்ல கேம், முடிவுள்ள கேம். ஒரு கேம்பெயினை நாலு நண்பர்கள் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஆடி முடிக்க நினைத்தால் தாராளமாக வாங்கலாம். விரிவாக்கங்களைக் குழுவில் ஒருவர் வைத்திருந்தாலே மற்றவர்களும் அவரோடு ஆட முடியும்.

கில்லிங் ஃப்ளோர் 2: கையில் ஏறும் வித்தை

ட்ரிப்வயரின் இந்தக் கேம் 2016 நவம்பரில் முழுமையாக வெளியானது. ஆறு பேர் ஆடலாம். 4, 7 அல்லது 10 அலைகள், கடைசியில் ஒரு பாஸ். ஒவ்வோர் அலைக்குப் பிறகும் கடை திறக்கும். டோஷ் என்ற கேம் பணத்தை வைத்து ஆயுதம் வாங்க வேண்டும். இங்கே வருபவை கதைப்படி ஜாம்பிகள்கூட இல்லை, ஆய்வகத்தில் உருவான 'ஸெட்'கள். ஆனால் ஆடும் விதத்தில் இந்த வரிசையில்தான் சேரும்.

மேப்பில் மாற்றம் குறைவு. ஆயுள் வேறு இடத்தில் இருக்கிறது. பத்துப் பெர்க்குகள் (ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கும் வகுப்புகள்), ஒவ்வொன்றிலும் 5, 10, 15, 20, 25ஆம் லெவல்களில் இரண்டில் ஒரு திறன். ஒரு பெர்க்குக்கு மட்டும் 32 சேர்க்கை. அதைவிட முக்கியம், பெர்க் மாறினால் அதே ஸெட்டே வேறு கேள்வியாகிவிடுகிறது. ஷார்ப்ஷூட்டர் பெர்க்குக்கு ஸ்க்ரேக் என்ற பெரிய ஸெட், தலையில் வரிசையாகப் பதிக்க வேண்டிய சில குண்டுகள். கமாண்டோவுக்கு அது தொடவே கூடாத ஒன்று. அவர் வேலை சில்லறை ஸெட்களைச் சுத்தம் செய்வதும், மறைந்து வரும் ஸ்டாக்கர்களை எல்லாருக்கும் காட்டிக்கொடுப்பதும்.

மேல் டிஃபிகல்டிகளில் குழு அழிவதற்கான வழக்கமான காரணம் இதுதான். யாரோ ஒருவர் தூரத்திலிருந்து ஸ்க்ரேக்கைச் சும்மா சுரண்டுவார். உயிர் ஒரு அளவுக்குக் கீழே போனதும் அது வெறிகொண்டு ஓடிவரும், சாகும்வரை நிற்காது. ஆகவே விதி எளிது: ஒரே மூச்சில் வீழ்த்தக்கூடியவர் "என்னுடையது" என்று சொல்லும்வரை மற்றவர்கள் சுடக் கூடாது. இன்னொரு பெரிய ஸெட்டான ஃபிளெஷ்பவுண்டின் நெஞ்சு விளக்கு சிவப்பாகிவிட்டதென்றால் பேச்சுக்கு நேரமில்லை, எல்லாரும் சேர்ந்து அடிக்க வேண்டியதுதான். டெமாலிஷனிஸ்ட் பெர்க் வைத்திருப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சைரன் என்ற ஸெட் கத்தும்போது வீசிய கையெறி குண்டு நடுவழியில் வீணாகிவிடும். முதலில் சைரன், பிறகுதான் குண்டு.

லெவல் 25 ஆன பிறகும் பிரெஸ்டீஜ் எடுத்து 0 முதல் ஆரம்பிக்கலாம், ஐந்து முறை. அதைக் குறியாக வைத்து ஆடுபவர்கள் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள். சூசைடல் டிஃபிகல்டியிலிருந்து அதற்கும் மேலான ஹெல் ஆன் எர்த்துக்கு ஏறுவதைக் குறியாக வைப்பவர்களுக்கு ஆயிரம் மணி நேரமும் போதாது. சர்வர் மென்பொருள் இலவசம், சொந்தமாக நடத்தலாம். வொர்க்ஷாப் மேப்களும் உண்டு. நிறுவனம் விலகினாலும் இதற்கு உயிர் இருக்கும். 2025 ஜூலையில் வந்த மூன்றாம் பாகம் வெளியானபோது ஒவ்வொரு வகுப்பையும் ஒரு குறிப்பிட்ட பாத்திரத்தோடு கட்டிவைத்தது. பழைய ஆட்டக்காரர்கள் பலர் இரண்டாம் பாகத்திலேயே தங்கிவிட்டதில் வியப்பில்லை.

வேர்ல்ட் வார் இஸட்: ஆஃப்டர்மாத்

காட்சியில் இதை வெல்ல இந்த வரிசையில் ஆளில்லை. நூற்றுக்கணக்கான ஜாம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கோபுரம் கட்டி மதிலைத் தாண்டும். கோபுரத்தின் அடியில் சுட்டால் மொத்தமும் சரியும். உச்சியில் சுடுவது குண்டுக்குக் கேடு. ஸ்க்ரீமர் என்ற ஜாம்பி நின்று கத்த ஆரம்பித்தால் எல்லாவற்றையும் விட்டு அதை முதலில் முடியுங்கள், இல்லாவிட்டால் வரத்து நிற்காது.

எட்டு வகுப்புகள், ஒவ்வொன்றுக்கும் 30 லெவல், ஆயுதங்களுக்குத் தனி ஏற்றம். ஏறுவதற்கு நிறைய இருக்கிறது, ஏறியபின் செய்ய அவ்வளவு இல்லை. தற்காப்பு நடக்கும் இடங்கள் ஒவ்வொரு எபிசோடிலும் அப்படியேதான் இருக்கும். தானியங்கித் துப்பாக்கி எங்கே, முள்கம்பி எங்கே என்று ஐந்தாவது ஆட்டத்திலேயே பழகிவிடும். அதே சமயம் பாட்கள் ஓரளவு நன்றாகவே சுடுகின்றன. கிராஸ்-ப்ளே இருப்பதால் கன்சோல் நண்பரும் பிசி நண்பரும் சேர்ந்து ஆட முடிகிறது. 60, 80 மணி நேரத்துக்குக் கொடுத்த காசுக்குக் குறைவில்லை.

பிளாக் ஆப்ஸ் 3: கணக்குப் போட்டு ஆடும் ஜாம்பி

ஜாம்பிகள் ரவுண்டு ரவுண்டாக வரும் இந்த முறையின் ஆயுள், எல்லை ஆகியவை ஒரே சூத்திரத்தில் அடங்கியிருக்கின்றன. முதல் ரவுண்டில் ஜாம்பியின் உயிர் 150. ஒன்பதாம் ரவுண்டு வரை ரவுண்டுக்கு 100 கூடும், அதாவது 950 வரை. அதன்பின் ஒவ்வொரு ரவுண்டும் 10 சதவீதம். 30ஆம் ரவுண்டில் சுமார் 7,000; 50ஆம் ரவுண்டில் 47,000ஐத் தாண்டும். உங்கள் துப்பாக்கியோ 5,000 புள்ளி கொடுத்து பேக்-அ-பஞ்ச் இயந்திரத்தில் மேம்படுத்தியதோடு நின்றுவிடும். ஆகவே ஒரு கட்டத்துக்கு மேல் சாதாரணத் துப்பாக்கிகள் புள்ளி சேர்க்கும் கருவி மட்டுமே. கொல்வதற்குப் பொறிகளும் அதிசய ஆயுதங்களும்தான். வட்டமாக ஓடிக் கூட்டத்தைச் சேர்த்து, பொறியில் இழுத்து, மறுபடி ஓடுவது. ஒரு மேப்பில் இதைக் கற்றுக்கொள்வது பெரும் இன்பம். கற்ற பிறகு மணிக்கணக்கில் அதையே செய்ய வேண்டியிருக்கும், நடுவில் சேமித்து வைத்து நாளைக்குத் தொடரவும் வழியில்லை.

இதைக் காப்பாற்றியது வொர்க்ஷாப். ரசிகர்கள் செய்த ஜாம்பி மேப்கள் பிசியில் ஏராளம். அவற்றில் பல, 2017 மே மாதம் வந்த எட்டு மேப் தொகுப்பான 'ஸோம்பீஸ் க்ரானிக்கிள்ஸு'க்குச் சளைத்தவை அல்ல. கன்சோலில் ஆடுபவர்களுக்கு இந்த வாசல் மூடியிருக்கிறது என்பதால், இதே கேமின் ஆயுள் பிசியில் ஒன்று, கன்சோலில் ஒன்று.

உங்கள் குழு எப்படி?

நாலு பேர் நிலையாகக் கிடைப்பார்கள் என்றால் லெஃப்ட் 4 டெட் 2இலிருந்து தொடங்குங்கள். கேட்பது 13 ஜிபி இடம்தான், பழைய லேப்டாப்பிலும் ஓடும். அட்வான்ஸ்டில் கூடவே வரும் கேம்பெயின்களை முடித்துவிட்டுப் பிறகு எக்ஸ்பர்ட்டுக்குப் போங்கள். நார்மலில் நீண்ட நாள் ஆடினால் பிரிந்து ஓடும் கெட்ட பழக்கம் ஊறிவிடும், அதை மாற்றுவது கஷ்டம்.

ஐந்து, ஆறு பேர் என்றால் கில்லிங் ஃப்ளோர் 2ஐத் தவிர வேறு வழியில்லை. இதில் பாட்கள் கிடையாது, ஆனால் ஆள் வரத்துக் குறைந்தால் ஸெட்களின் எண்ணிக்கையும் அதற்கேற்பக் குறையும். நடுவில் ஒருவர் எழுந்து போனால் ஆட்டம் கெடாது. தாமதமாக வந்து சேர்பவருக்கு மற்றவர்கள் கொஞ்சம் டோஷை வீசிவிட்டால் அடுத்த அலைக்குள் அவரும் தயாராகிவிடுவார்.

இருவர் மட்டும், அதுவும் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் வேர்ல்ட் வார் இஸட் பொருந்தும். ஓர் அத்தியாயம் அரை மணிக்குள் முடிந்துவிடும், மீதி இருவரை பாட்கள் பார்த்துக்கொள்ளும். பிளாக் ஆப்ஸ் 3ஐ அந்த இருவருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். 15ஆம் ரவுண்டில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்துதான்.