திருவல்லிக்கேணி மேன்ஷன் ரூம்: தங்கலாமா, வேண்டாமா?

சென்னைல யாரையும் தெரியாம, கைல கம்மி காசோட வந்து இறங்குற பசங்களுக்கு நான் இன்னும் முதல்ல சொல்றது திருவல்லிக்கேணிங்கிற டிரிப்ளிக்கேன்தான். மத்த ஏரியால வீடு கேட்டா பேச்சிலரான்னு கேட்டுட்டு கதவ சாத்திடுவாங்க, இங்க மேன்ஷன்ல, அதாவது பேச்சிலருங்களுக்கு மாச வாடகைக்கு ரூம் விடுற கட்டடத்துல, ஐடி காப்பியும் அட்வான்ஸும் குடுத்தா பெரும்பாலும் அன்னைக்கே சாவி வந்துடும், என்ன ஜாதி யாரு புள்ளன்னு விசாரணை கிடையாது. இந்த ஒண்ணுக்காகவே இந்த ஊர எனக்கு ரொம்ப புடிக்கும்.

ரூம் சின்னதுதான். கட்டில், ஃபேன், துணி வைக்க ஒரு ஷெல்ஃப், பாத்ரூம் நெறைய இடத்துல ஃப்ளோருக்கே காமன், காலைல க்யூ நிக்கணும், குழாய்ல உப்புத் தண்ணி வந்தா குடிக்க கேன் வாங்கித்தான் ஆகணும். ஷேரிங்னா ஆள் கணக்குல வாடகை. பணம் கட்டுறதுக்கு முன்னாடி கட்டில் இடுக்குல மூட்டைப்பூச்சி இருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க, கூச்சப்படாதீங்க. நான் இருந்த எடத்துல காலி பண்ணும்போது பெயின்ட் செலவுன்னு சொல்லி அட்வான்ஸ்ல கைய வச்சுட்டாங்க, அதனால எதுக்கு எவ்ளோ புடிப்பாங்கன்னு மொதல்லயே எழுதி வாங்கிடுங்க.

ஆனா சுத்தி இருக்குற ஜனம் மாதிரி வேற எங்கயும் பாக்க முடியாது. பார்த்தசாரதி கோயில் மாட வீதில தலைமுறை தலைமுறையா இருக்குற ஐயங்கார் குடும்பங்க, 1795ல கட்டுன வாலாஜா பெரிய மசூதிய சுத்தி வீட்டுல உருது பேசுற முஸ்லிம் குடும்பங்க, பீச் பக்கம் போனா அயோத்தியா குப்பம், நடுக்குப்பம் மீனவ மக்க, நடுவுல மேன்ஷன்ல தென் மாவட்டத்து பசங்க, மெடிக்கல் ரெப், வடக்கேர்ந்து வந்த தொழிலாளிங்கன்னு எல்லாரும் சேந்து ஜாம் பஜார்லதான் காய் வாங்குவாங்க. டிஎன்பிஎஸ்சி படிக்கிறவங்களுக்கு மவுண்ட் ரோடு தேவநேயப் பாவாணர் நூலகம் பக்கம்தான், எழிலகம் கவர்மென்ட் ஆபீஸுக்கும் யுனிவர்சிட்டிக்கும் நடந்தே போயிடலாம். பீச் ஸ்டேஷன்லேர்ந்து வர்ற பறக்கும் ரயில் 1997லயே இங்க வந்துடுச்சு. சாப்பாட்டுக்கு மெஸ் நெறைய, சம்பளம் வந்த அன்னைக்கு ரத்னா கஃபே சாம்பார் இட்லி.

கல்யாணம் ஆச்சுன்னா கத மாறிடும். ஒண்டுக்குடித்தன போர்ஷன், குறுகலான மாடிப்படி, பைக் நிறுத்தவே சண்ட, கார பத்தி யோசிக்கவே வேண்டாம். கோயில் பக்கம் சில வீட்டுல வெஜிடேரியனுக்கு மட்டும்னு சொல்லி அனுப்பிடுவாங்க, பக்கத்துத் தெருவுலயே எல்லா மதமும் ஒண்ணா வாழுற ஊர்ல இத கேக்கும்போது மனசு வலிக்குது. பத்து மாச அட்வான்ஸ் கேட்டா பேரம் பேசுங்க, 2019ல நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூணு மாச வாடகைதான்னு சொல்லுது, ஆனா அக்ரிமென்ட்ல அதுக்கு மேல ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டா அது செல்லும், படிச்சுட்டு போடுங்க. சொந்தமா வாங்குறவங்க வில்லங்கச் சான்றிதழோட நிக்காதீங்க, மனை கோயில் நெலமா, வக்ஃபு நெலமா (முஸ்லிம் அறக்கட்டளைச் சொத்து)ன்னு கண்டிப்பா வக்கீல வச்சு பாருங்க, கட்டடம் மட்டும் ஒங்க பேர்ல இருந்து மண்ணு வேற யாரோடதாவோ இருந்தா பேங்க்ல லோன் கெடைக்கிறது கஷ்டம்.

பெண்களுக்கு இந்த மேன்ஷன்கள்ல எடமே இல்ல, தனியா லேடீஸ் ஹாஸ்டல் தேடணும். இவ்ளோ பேர வாழ வச்ச ஏரியா இதுல மட்டும் பின்தங்கி நிக்கிறது பெரிய குறைதான், அதுக்குத்தான் அஞ்சுக்கு நாலு ஸ்டார். ரூம் தேடி வர்றவங்க மாசக் கடைசில வாங்க, அப்பதான் ஆளுங்க காலி பண்ணுவாங்க.