டம்மி ஃபைலுக்கு டவுன்லோடு எதற்கு? லினக்ஸ் கமாண்டே போதும்

மதுரை இலந்தைக்குளம் ஐடி பார்க்கில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். அப்லோடு பக்கத்தைச் சோதிக்க முன்பெல்லாம் ஏதாவது ஒரு தளத்தில் சாம்பிள் ஃபைல் தேடி இறக்குவேன், திருநகர் வீட்டில் மொபைல் டேட்டாவில் உட்கார்ந்திருக்கும் நாளில் 1 ஜிபி இறக்கினால் அன்றைய டேட்டா அதோடு காலி. இப்போது ஆறு மாதமாக லினக்ஸோடு வரும் கமாண்ட்களை வைத்தே ஓட்டுகிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ட்ரங்கேட், சொன்ன அளவில் ஒரு ஃபைலை உருவாக்கித் தரும் கமாண்ட். மைனஸ் எஸ், அளவு, ஃபைல் பெயர், அவ்வளவுதான். அப்லோடு லிமிட் 5 எம்பி என்றால் 5242880 பைட்டில் ஒன்று, 5242881 பைட்டில் ஒன்று செய்து கொள்வேன், முதலாவது ஏற வேண்டும், அடுத்தது ஏறக்கூடாது. பக் பெரும்பாலும் அந்த ஒரு பைட்டில்தான் மாட்டும். ஒன்று கவனியுங்கள்: அளவில் வெறும் எம் போட்டால் 1024 கணக்கு (1024 x 1024 பைட்), எம்பி என்று போட்டால் 1000 கணக்கு (1000 x 1000 பைட்). டெவலப்பர் எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறார் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

10 ஜிபிக்கு ட்ரங்கேட் செய்த ஃபைலை, ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கமாண்ட் 10 ஜிபி என்று காட்டும், டிஸ்கில் பிடித்த இடத்தைச் சொல்லும் டியூ போட்டுப் பார்த்தால் 0. டிஸ்கில் இடமே பிடிக்காது. அதனால் டிஸ்க் நிறைந்தால் என்ன ஆகும் என்று சோதிக்க ஃபால்லொகேட் கமாண்ட்தான் சரி, எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்தில் நிஜமாகவே இடத்தை ஒதுக்கிவிடும், அதுவும் நொடியில்.

ஆனால் இரண்டிலும் படித்தால் வருவது வெறும் பூஜ்யம்தான், இதில் நாங்கள் நன்றாக அடிபட்டோம். பேக்கப் டெஸ்டுக்கு இப்படி ஒரு 1 ஜிபி ஃபைலைக் கொடுத்தோம், ஜிப் ஆகி ஏறக்குறைய 1 எம்பியாகச் சுருங்கிப் பறந்து போனது, வேகம் அருமை என்று ரிப்போர்ட்டும் எழுதிவிட்டோம். கஸ்டமர் கல்யாண ஃபோட்டோக்களை ஏற்றியதும் அப்படியே நின்றுவிட்டது. அப்புறம்தான் தாறுமாறான பைட்டுகளைத் தரும் யூரேண்டமிலிருந்து, வேண்டிய அளவை மட்டும் ஹெட் மைனஸ் சி கமாண்ட் போட்டு எடுக்க ஆரம்பித்தேன், அது சுருங்காது, கொஞ்சம் நேரம் எடுக்கும், பரவாயில்லை.

ஃபைலை அப்படியே நகலெடுக்கும் டிடி கமாண்டிலும் இதெல்லாம் செய்யலாம், ஆனால் எதில் எழுத வேண்டும் என்று சொல்லும் ஓஎஃப் இடத்தில் தவறுதலாக டிஸ்க் பெயரைக் கொடுத்தால் ஒரு வார்த்தை கேட்காமல் அழித்துவிடும், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் அதைக் கொடுக்க மாட்டேன். விண்டோஸில் இருப்பவர்களுக்கு எஃப்எஸ்யூட்டில் என்ற கமாண்ட் இருக்கிறது, அளவைப் பைட்டில்தான் கொடுக்க வேண்டும்.

இவை எதுவும் உதவாத இடம், உள்ளடக்கத்தைத் திறந்து பார்க்கும் சர்வர். பெயருக்குப் பின்னால் ஜேபெக் என்று போட்டால் மட்டும் படம் ஆகிவிடாது. அதற்கு இமேஜ்மேஜிக் என்ற படக் கருவியை நிறுவி, வண்ணக் கலவைப் படம் தரும் அதன் பிளாஸ்மா வசதியில் 4000க்கு 3000 பிக்சலில் நிஜப் படமாகவே செய்து கொள்கிறேன்.