ஓவியர் மணியம் பெயரில் போலிப் படங்கள்: சுங்கை சிப்புட் பக்கம் உள்ளவர்கள் கவனிக்கவும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒருவர் பழைய தமிழ் வார இதழ்களையும் சட்டம் போட்ட அட்டைப்படங்களையும் விற்கிறார். எல்லாம் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) அறுபது வருசம் பெட்டிக்குள் கிடந்தவை என்கிறார். ஓய்வுபெற்ற கிராணி (எழுத்தர்) ஒருவர் 350 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து இரண்டு வாங்கினார்: மணியம் 1952-இல் கைப்பட வரைந்ததாகச் சொன்ன படம், 1955 என்று சொன்ன இதழ்.

படத்தின் மூலையிலேயே குட்டு வெளிப்படுகிறது. கையெழுத்து 'ம.செ.'. அது மணியத்தின் மகன் மணியம் செல்வனுடையது. கல்கியில் 1950-இல் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது வரைந்தவர் தந்தை. மகன் 1952-இல் சின்னப் பிள்ளை.

சரி, மகன் வரைந்த மூல ஓவியமாவது தேறுமா? பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் கன்னத்தைப் பார்த்தால் நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள். தூரிகைப் பூச்சில் புள்ளி வராது. ஒழுங்கான வரிசையில் நின்றால் ஆப்செட் அச்சு, கண்டபடி சிதறியிருந்தால் இங்க்ஜெட். இதில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று: அச்சான அட்டையை ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்திருக்கிறார்கள். போஸ்டர் கலரில் வரைந்த மூலமென்றால், டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்ததும் பூச்சின் மேடுபள்ளம் தெரியும்.

இதழ் இன்னும் கெட்டிக்காரத்தனம். உள்தாள்கள் நிஜமாகவே பழசு. ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுத்திருக்கின்றன. கம்பி குத்திய இடத்தில் துருக்கறை. அட்டையிலோ அதே ஓட்டை சுத்தமாக இருக்கிறது, கம்பி பளபளக்கிறது. லயத்து ஈரத்தில் துருப்பிடிக்காத கம்பியா? அட்டை முழுக்கத் திட்டுத்திட்டாகப் பழுப்பு வேறு, அது தேயிலைச் சாயம். விலை 'நயா பைசா' என்று அச்சாகியிருக்கிறது. இந்தியாவில் நயா பைசா வந்ததே 1957 ஏப்ரலில்; அதற்குமுன் அணா. 1964-இல் 'நயா' போய் வெறும் பைசா ஆனது. ஆண்டு கிழிந்துபோன இதழுக்கும் இந்தக் கணக்கு உதவும்.

கையெழுத்தில்லாத அட்டைக்கு ஓவியர் பெயர் வேண்டுமென்றால், பல இதழ்களில் உள்ளே 'அட்டைப்படம்' என்று ஒரு வரி இருக்கும். தனியாகக் கிழித்த அட்டைக்கு அந்தச் சாட்சியும் போய்விடுகிறது, விற்பவர் வைத்ததுதான் பெயர். சட்டத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்; மறுத்தால் நகர்ந்துவிடுங்கள்.

பணத்தைக் கேட்டபோது "விற்றது விற்றதுதான்" என்றாராம். ரசீது கிடையாது, போனையும் எடுப்பதில்லை. கடையில் இன்னும் சட்டங்கள் தொங்குகின்றன. 'சில்பி' என்று சீட்டு ஒட்டிய ஒன்றில் ஒரு பெண் ஸ்கூட்டர் ஓட்டுகிறாள். கோயில் கோயிலாகப் போய்ச் சிலைகளை வரைந்தே பேர் வாங்கிய மனிதர் அவர்!