கிடங்கு சிஸ்டம் 40 நிமிடம் படுத்துவிட்டால்: ஐந்து இணைப்பு முறைகளுக்கு ஒரே சோதனை

பெரிய நிறுவனத்தில் சிஸ்டங்களை எப்படி இணைப்பது என்று பேச உட்கார்ந்தால், எந்த டூல், எத்தனை கனெக்டர் என்று பேச்சு உடனே அங்கே போய்விடுகிறது. நான் அப்படித் தொடங்குவதை விட்டுப் பல வருடம் ஆகிறது. இப்போது முதலில் கேட்பது இதைத்தான்: இரவு 2 மணிக்குக் கிடங்கு சிஸ்டம் 40 நிமிடம் படுத்துவிட்டது, விற்பனை சிஸ்டத்தில் ஆர்டர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. காலையில் அந்த ஆர்டர்களின் கதி என்ன, அதைப் பார்த்துச் சொல்லக்கூடியவர் யார்?

முதலில் நேரடி இணைப்பு. விற்பனை சிஸ்டம் கிடங்கின் ஏபிஐ-யை (மற்ற சிஸ்டங்கள் பேசுவதற்கான வாசல்) நேராகக் கூப்பிடும், நடுவில் யாரும் இல்லை. இரண்டு மூன்று சிஸ்டம்தான் என்றால் இதைவிட நல்ல வழி கிடையாது, வேறு எதையும் வாங்கவே வேண்டாம். ஆனால் நம் சோதனையில் இது தடுமாறும். நிரல் எழுதியவர் ரீட்ரை (மறுபடி அனுப்பிப் பார்ப்பது) போட்டிருந்தால் ஆர்டர் பிழைக்கும், போடவில்லையென்றால் லாக்கில் ஒரு வரியாக மட்டும் மிஞ்சும். அதைவிட மோசமானது டைம்அவுட். கிடங்கு ஆர்டரை வாங்கிக்கொண்டது, பதில்தான் வந்து சேரவில்லை, விற்பனை சிஸ்டம் மறுபடி அனுப்பியது. நான் இருந்த ஒரு ப்ராஜெக்டில் இப்படித்தான் ஒரே பொருள் இரண்டு பெட்டியாகப் போய், இரண்டு இன்வாய்ஸும் விழுந்தது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பதிவுமே சரியாக இருந்ததால், காரணத்தைப் பிடிக்க மூன்று நாள் ஆனது. அனுப்பும்போதே ஒவ்வொரு ஆர்டருக்கும் மாறாத ஒரு ஐடி கொடுத்து, ஏற்கெனவே பார்த்த ஐடி வந்தால் புதிதாக எதுவும் செய்யாதே என்று கிடங்குப் பக்கம் எழுதியிருந்தால் இந்தப் பாடே இல்லை. அப்புறம் எண்ணிக்கை. 10 சிஸ்டங்கள் ஒன்றோடொன்று பேசினால் 45 இணைப்பு, 30 ஆனால் 435. நிஜத்தில் எல்லாம் எல்லாவற்றோடும் பேசாதுதான், ஆனால் அதில் கால்வாசி வந்தாலே நூறைத் தாண்டிவிடும்.

இரண்டாவது இரவு ஃபைல் முறை, நாள் முழுதும் சேர்ந்ததை இரவில் ஒரே ஃபைலாக அனுப்புவது. இதைப் பழசு என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 4 மணிக்கு ஃபைல் போகிறது என்றால், 2 மணிக்கு நடந்த தடங்கல் அதற்குத் தெரியவே தெரியாது. கோளாறு வந்தால் அதே ஃபைலை மறுபடி ஓட்டலாம், திறந்து கண்ணால் பார்க்கலாம். சம்பளப் பட்டியல், மாதக் கடைசிக் கணக்கு போன்றவற்றுக்கு இன்றும் இதுவே போதும். கையிருப்பு மட்டும் நேற்றையதாகவே தெரியும், அதனால் ஆர்டருக்கு ஒத்துவராது. தற்காலிகப் பெயரில் எழுதி முடித்த பிறகே சரியான பெயருக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் பாதி எழுதிய ஃபைலை எதிர்ப்பக்கம் எடுத்துவிடும். கடைசி வரியில் மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும் இருக்கட்டும். இன்னொன்று, எஸ்ஏபி என்ற நிறுவன மென்பொருளில் வாடிக்கையாளர் எண் 10 இலக்கம், 0000104512 மாதிரி. யாரோ ஒரு வரியைத் திருத்த அந்த சிஎஸ்வி ஃபைலை எக்செலில் திறந்து சேமிப்பார்கள், முன்னால் இருந்த பூஜ்யங்கள் போய்விடும், மறுநாள் காலை 'வாடிக்கையாளர் இல்லை' என்று பிழை வரிசை கட்டி நிற்கும்.

மூன்றாவது ஈஎஸ்பி, அதாவது என்டர்பிரைஸ் சர்வீஸ் பஸ். எல்லா சிஸ்டமும் நடுவில் பஸ் என்ற ஒரு பொது மென்பொருளோடு மட்டும் பேசும். இது நம் சோதனையில் நன்றாகவே தேறும், மெசேஜ் க்யூவில் (வரிசையில்) காத்திருந்து கிடங்கு எழுந்ததும் போய்ச் சேரும். ஐபிஎம்மின் எம்க்யூ சீரிஸ் என்ற மென்பொருள் 1993-லேயே இந்தக் காத்திருப்பைச் செய்துகாட்டியது. பின்னே ஏன் பலர் விலகினார்கள்? எல்லா மேப்பிங்கும் (ஒரு சிஸ்டத்தின் ஃபீல்டு இன்னொன்றில் எதற்குச் சமம் என்ற பட்டியல்) ஒரே குழுவின் கையில் போய்ச் சேர்ந்ததால்தான். ஒரு ஃபீல்டு சேர்க்க வாரக்கணக்கில் வரிசை. அந்த அவசரத்தில் தள்ளுபடிக் கணக்கு, வரி விதிவிலக்கு எல்லாம் பஸ்ஸுக்குள்ளேயே எழுதப்பட்டு, விற்பனைக் குழுவுக்கே தங்கள் விதி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போனது. தொழில்நுட்பத்தைவிட இந்தப் பழக்கத்தைத்தான் நான் குறை சொல்வேன். கையில் எஸ்ஏபி-யின் இணைப்பு மென்பொருளான பிராசஸ் ஆர்கெஸ்ட்ரேஷன் 7.5 வைத்திருப்பவர்களுக்கு வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது, கூடுதல் பராமரிப்பு 2030 வரைதான். அவர்கள் இப்போதே யோசித்தாக வேண்டும்.

நான்காவது ஐபாஸ், இணைப்பு வேலையை கிளவுடில் சேவையாகத் தருவது, சுருக்கமாகச் சொல்லலாம். மியூல்சாஃப்ட், பூமி (Boomi) மாதிரியானவை. கிளவுடில் இருக்கும் சிஸ்டங்களை இணைக்க இவ்வளவு வேகமான வழி வேறில்லை. தோல்வியடைந்த ஓட்டம் திரையில் சிவப்பாகத் தெரியும், நிரல் தெரியாதவரும் எது நின்றது என்று பார்க்கலாம். அது பெரிய விஷயம். ஆனால் ரீட்ரை எப்படி அமைத்தீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் நம் சோதனையின் முடிவு. ஒன்றில் கட்டிய ஃப்ளோவை இன்னொன்றுக்கு அப்படியே தூக்கிப்போக முடியாது, பாதிக்கு மேல் புதிதாகக் கட்ட வேண்டிவரும். பூமியை 2010-ல் டெல் வாங்கி 2021-ல் விற்றது, மியூல்சாஃப்டை 2018-ல் சேல்ஸ்ஃபோர்ஸ் வாங்கியது. உரிமையாளர் மாறினால் விலைக் கணக்கும் மாறலாம் என்று எண்ணியே ஒப்பந்தம் போடுங்கள்.

கடைசியாக காஃப்கா, செய்திகளை வாங்கி வைத்துப் பலருக்கும் படிக்கத் தரும் மென்பொருள். லிங்க்ட்இன்னில் பிறந்து 2011-ல் ஓப்பன் சோர்ஸ் ஆனது. இதில் மெசேஜ் படித்தவுடன் அழிவதில்லை, குறிப்பேடு மாதிரி வரிசையாக எழுதிக்கொண்டே போகும், மாற்றாவிட்டால் 7 நாள் வைத்திருக்கும். யார் எதுவரை படித்தார் என்பது தனியாகப் பதிவாகும். ஆகவே கிடங்கு 40 நிமிடம் கழித்து எழுந்து, விட்ட இடத்திலிருந்து படிக்கும். நாளை மோசடித் தடுப்புக் குழுவுக்கும் ஆர்டர் வேண்டுமென்றால் விற்பனை சிஸ்டத்தைத் தொடவே வேண்டாம்.

ஆனால் இங்கேதான் நுணுக்கமான ஓட்டைகள் இருக்கின்றன. காஃப்கா மெசேஜ்களைப் பார்ட்டிஷன் என்ற பகுதிகளாகப் பிரித்து வைக்கும், வரிசை ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டுமே காக்கப்படும், ஒரே கீ உள்ளவை ஒரே பார்ட்டிஷனுக்குப் போகும். ஆர்டர் எண்ணைக் கீயாக வைக்காவிட்டால் 'ரத்து' முதலிலும் 'புதிய ஆர்டர்' பின்னாலும் வந்து நிற்கலாம். ஒரு கெட்ட மெசேஜ் வந்தால் படிப்பவர் அதிலேயே மாட்டிக்கொள்வார், அதை ஒதுக்கிவைக்க டெட் லெட்டர் டாபிக் வேண்டும், அதைத் தினமும் திறந்து பார்க்க ஓர் ஆளும் வேண்டும். பலர் கவனிக்காத ஓட்டை இன்னொன்று: டேட்டாபேஸில் ஆர்டர் சேமிக்கப்பட்டது, காஃப்காவுக்கு அனுப்பும் முன் ப்ராசஸ் செத்துவிட்டது. ஆர்டர் இருக்கிறது, செய்தி இல்லை. அதே டிரான்ஸாக்‌ஷனுக்குள் அவுட்பாக்ஸ் என்று ஒரு டேபிளிலும் எழுதி, டெபீசியம் போன்ற ஒரு டூல் டேட்டாபேஸ் லாக்கைப் படித்து அனுப்பும்படி செய்தால் இது தீரும். செய்தி இரண்டு முறை போகலாம், தொலையாது. அதனால் மேலே சொன்ன மாறாத ஐடி இங்கேயும் வேண்டும்.

என் தேர்வைக் கேட்டால், ஆர்டர், கையிருப்பு போல பலர் படிக்க வேண்டியவற்றுக்கு அவுட்பாக்ஸோடு காஃப்கா, அதைப் பராமரிக்க ஆள் இருந்தால் மட்டும். கிளவுடில் இருக்கும் சிஸ்டங்களுக்கு ஐபாஸ், மாதக் கடைசி வேலைக்கு ஃபைல். ஓடிக்கொண்டிருக்கும் ஈஎஸ்பி-யை ஒரே நாளில் பிடுங்காதீர்கள், உள்ளே வணிக விதி ஒளிந்திருக்கும் ஃப்ளோக்களை முதலில் வெளியே எடுங்கள்.

இந்த ஐந்தில் எதுவும் தீர்க்காதது ஒன்று உண்டு, ஒரே சொல்லுக்கு இடத்துக்கு இடம் வேறு பொருள். விற்பனைப் பிரிவுக்கு, விசாரித்தவர் எல்லாம் வாடிக்கையாளர், நிதிப் பிரிவுக்கு பில் போடும் கணக்கு உள்ளவர்தான் வாடிக்கையாளர். செவ்வாயைச் சுற்ற நாசா 1998-ல் அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டரில் ஃபைல் ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தது. ஒரு பக்கம் பவுண்டு-விசை விநாடியில் எழுதியது, மறுபக்கம் நியூட்டன் விநாடி என்று படித்தது, 1999-ல் விண்கலம் தொலைந்தது. ஆகவே எந்த வழியானாலும் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் பொருள், அலகு, பொறுப்பாளர் மூன்றையும் எழுதிய பிறகே மேப்பிங்கைத் தொடங்குங்கள்.

அடுத்த முறை டெமோ காட்ட வருபவரிடம் ஆர்டரைப் பெறும் சிஸ்டத்தை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். 20 ஆர்டர் அனுப்புங்கள், அதில் ஒன்று வேண்டுமென்றே கெட்டதாகவும் ஒன்று இரண்டு முறையும் போகட்டும். சிஸ்டத்தை எழுப்பியதும் அந்தப் பக்கம் 19 ஆர்டர் இருக்கிறதா, மீதி ஒன்று எங்கே நிற்கிறது என்று அவர் காட்டட்டும்.