பழைய லேத்துக்குக் கரண்ட் கொடுக்க எந்த வழி?

பழைய லேத் (இரும்பு கடையும் மெஷின்) வாங்கி மலைக்குக் கொண்டு வருகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இதில்தான்: மோட்டார் மூன்று கரண்ட் கம்பிகளில் ஓடும் த்ரீ பேஸ், பட்டறையில் இருப்பதோ ஒரே கரண்ட் கம்பியில் வரும் சிங்கிள் பேஸ் 230 வோல்ட். இலங்கை மலையகத்து ஹட்டனில் எனக்கும் அதே கதை. மின்சார சபையிடம் த்ரீ பேஸ் எடு என்றார் ஒருவர். கபாசிட்டர் போட்டு ஓட்டு என்றார் இன்னொருவர். மோட்டாரையே மாற்று என்றார் மூன்றாமவர். நான் கடைசியில் இன்வேட்டர் போட்டேன். வீட்டு பட்டரி இன்வேட்டர் அல்ல, சிங்கிள் பேஸை த்ரீ பேஸாக மாற்றி மோட்டாரை ஓட்டும் VFD பெட்டி. ஆனால் என் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மோட்டாரில் அடித்திருக்கும் தகட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் படித்த பிறகு யோசியுங்கள்.

தகட்டில் 220/380 அல்லது 230/400 என்று இருந்தால் நல்ல காலம். மோட்டாரின் வயர் பெட்டிக்குள் ஆறு முனைகள் இருக்கும். 400 வோல்ட்டுக்கு ஸ்டார் (மூன்று சுருளின் ஒரு முனையை ஒன்றாகக் கட்டுவது), 230 வோல்ட்டுக்கு டெல்டா (சுருள்களை வளையமாகக் கோர்ப்பது) என்று முனைகளை இணைக்கும் பட்டைகளை மாற்றினால் போதும். 400/690 என்றிருந்தால் அது 400 வோல்ட்டுக்கே டெல்டா. 230 வோல்ட்டில் அதற்குப் பலம் வராது. என்னுடையது ஜப்பான் மெஷின், 200 வோல்ட், மூன்றே வயர்கள்தான் வெளியே வருகின்றன. நம் நாட்டு த்ரீ பேஸ் 400 வோல்ட். அதை நேரே கொடுத்தால் சுருள் கருகிவிடும், இடையில் வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும். த்ரீ பேஸ் மெஷின்தானே, த்ரீ பேஸ் எடுத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

400 வோல்ட் மெஷினாக இருந்து, பக்கத்தில் வெல்டிங் பிளாண்ட், கம்ப்ரெசர் என்று நாளைக்கு இன்னும் வரப்போகிறது என்றால் சபையின் த்ரீ பேஸ்தான் சிறந்தது, சந்தேகமே இல்லை. மோட்டார் எதற்காகச் செய்யப்பட்டதோ அதே கரண்ட்டில் ஓடும். செலவுதான் இடத்துக்கு இடம் மாறும். ரோட்டோரக் கம்பத்தில் நான்கு கம்பிகளும் போனால் ஒரு கணக்கு, தோட்டத்துக்குள் இரண்டே கம்பி வந்திருந்தால் வேறு கணக்கு.

கபாசிட்டர் வழி மலிவு. 230 வோல்ட் டெல்டாவில் ஒரு கிலோவாட்டுக்கு சுமார் 70 மைக்ரோஃபரட் என்பது பழைய கணக்கு. ஆனால் மோட்டாரின் பலத்தில் ஏறக்குறைய 70 வீதம்தான் கிடைக்கும். கிளப்பும்போது இழுவை மிகக் குறைவு. கிரைண்டருக்கு, சின்ன டிரில்லுக்குச் சரி. கனமான சக் (வேலைத் துண்டைப் பிடிக்கும் தலை) சுற்ற வேண்டிய லேத்துக்கு நான் சொல்ல மாட்டேன். சுமை மாறும்போது மூன்று சுருளுக்கும் போகிற கரண்ட் சமமில்லாமல் போய் ஒன்று அதிகம் சூடாகும்.

சிங்கிள் பேஸ் மோட்டார் மாற்றுவதை நான் குறை சொல்லவில்லை, எந்த மெக்கானிக் பாஸும் பழுது பார்த்துத் தருவார். ஆனால் கால் துளைகள் பொருந்தாது, புல்லி வேறு, புரி வெட்டும்போது திடீரென்று ரிவர்ஸ் எடுக்கவும் முடியாது. கிளப்பும் நேரம் சாதாரண கரண்ட்டைப் போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். லைன் கடைசியில் இருப்பவர்களின் பல்ப் மங்குவதை அக்கம்பக்கத்தார் வந்து சொல்வார்கள்.

இனி இன்வேட்டர். சிங்கிள் பேஸ் 230 உள்ளே போகும், த்ரீ பேஸ் 230 வெளியே வரும். என் 200 வோல்ட் மோட்டாருக்கு 50 ஹேர்ட்ஸில் 200 வோல்ட் என்று செட்டிங்கில் கொடுத்தேன், அவ்வளவுதான். மெதுவாகக் கிளம்புகிறது, வேகத்தைக் குமிழில் திருகலாம். ரொம்பக் குறைந்த வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டினால் மட்டும் மோட்டாரின் சொந்த ஃபேனும் மெதுவாகி சூடேறும். அப்போது பெல்ட்டை மாற்றிப் போடுவதே நல்லது.

மலையில் இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது உயரம். பெரும்பாலான இன்வேட்டர்கள் 1,000 மீற்றர் வரைக்கும்தான் முழுப் பலம். அதற்கு மேல் ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறக்குறைய ஒரு வீதம் குறைத்துக் கணக்குப் போட வேண்டும். காற்று மெலிவதால் சூடு வெளியேறுவது குறைகிறது. 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவுக்கு அது சுமார் 9 வீதம். குளிர் கொஞ்சம் ஈடுகட்டும் என்றாலும், 1.5 கிலோவாட் மோட்டாருக்கு நான் 2.2 கிலோவாட் இன்வேட்டர்தான் வாங்கினேன். முழுச் சுமையில் 1.5 கிலோவாட்டுக்கே 15 அம்பியர் அளவுக்கு உள்ளே இழுக்கும். ஆகவே வீட்டு இணைப்பு 15 அம்பியர் என்றால் முதலில் அதைக் கூட்ட வேண்டும்.

வயரிங்கில் ஒரு விஷயம். லேத்தில் ஏற்கனவே இருக்கும் ஃபோர்வேர்ட் ரிவர்ஸ் சுவிட்சை இன்வேட்டருக்கும் மோட்டாருக்கும் நடுவில் விடாதீர்கள். ஓடும்போது அதைத் திருப்பினால் இன்வேட்டர் போய்விடும். அதன் தொடுமுனைகளை இன்வேட்டரின் கட்டுப்பாட்டு முனைகளுக்குக் கொண்டு போனால் பழைய கைப்பிடி அப்படியே வேலை செய்யும். சக் புரியில் ஏறுகிற வகை என்றால் நிறுத்தும் நேரத்தைக் கூட்டி வையுங்கள். சட்டென்று பிரேக் பிடித்தால் சக் கழன்று வரும். மரம் விழுந்து கரண்ட் போய் வரும் ஊர்களில், கரண்ட் திரும்பியதும் மெஷின் தானாகக் கிளம்பாதபடி செட்டிங்கை நிறுத்தி வைப்பதும் அவசியம். ஏப்ரல், ஒக்டோபர் இடி மின்னலில் பிளக்கைக் கழற்றிவிடுகிறேன். மூடியைத் திறக்கும் முன் பல நிமிடம் பொறுக்க வேண்டும், உள்ளே 325 வோல்ட் டீசி தேங்கி நிற்கும்.

இன்வேட்டர் போட்டதும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுகிறது என்று எர்த் வயரைக் கழற்றிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இன்வேட்டருக்குப் பொருந்தும் ட்ரிப் சுவிட்சைத் தனி லைனில் போட்டுத் தர உரிமம் உள்ள மின்னியலாளர் இருக்கிறார். பாறை நிலத்தில் எர்த் கம்பி அரைவாசிதான் இறங்கியிருக்கும், அதையும் அவரிடமே அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த வழி எடுத்தாலும் மழைக்காலத்தில் வந்து இறங்கிய மோட்டாருக்கு அன்றைக்கே கரண்ட் கொடுக்க வேண்டாம். மிஸ்ட்டில் கிடந்த சுருள் ஈரம் குடித்திருக்கும். மூடியைக் கழற்றி, பக்கத்தில் 100 வாட் குண்டு பல்பை இரண்டு நாள் எரியவிட்டு, 500 வோல்ட் மெகரில் (சுருளின் காப்பு உறுதியை அளக்கும் மீற்றர்) பாருங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் இன்னும் காயட்டும்.